மூன்று மாமன்கள் சைக்காலஜி வாத்தியார் பிடித்த கதை

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்தக் கடைசியில் உட்கார்ந்தால் நான் சொல்வதில் பாதிதான் காதில் விழும். மீதிப் பாதியை நீங்களாகச் சேர்த்துக்கொள்வீர்கள். இந்தக் கதையில் புதிதாகச் சேர்க்க எதுவும் இல்லை. இருக்கிறதே ஜாஸ்தி.

ஒத்தப்பனைப்புதூரில் சென்னியப்பன், நாச்சிமுத்து, அப்புக்குட்டி என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூவரும் வியாழக்கிழமைச் சந்தையில் மாட்டுத் தரகர்கள். காலையில் விற்றுக் கொடுத்த காளையையே சாயங்காலம் பார்த்து, “இதை எங்கியோ பாத்த மாதிரியே இருக்குது, நல்ல காளை” என்று திரும்ப வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். மறுவாரமும் அதையே வாங்கினார்கள் என்று சொல்வார்கள். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. மூன்று பேரில் கடைசி ஆள் அப்புக்குட்டிதான் கெட்டிக்காரன். மற்ற இருவரும் அப்படித்தான் சொன்னார்கள். அப்புக்குட்டியும் மறுக்கவில்லை.

இவர்களுக்கு ஒரு அக்கா, மயிலாத்தாள். அக்காவுக்கு ஒரே மகள், மௌனிகா. டவுன் காலேஜில் சைக்காலஜி படித்தாள். எல்லாத் தாளும் தேறிவிட்டாள், ஒரே ஒரு தாள் மட்டும் அரியர். திரும்ப எழுதியும் வரவில்லை. அதைத் தேறினால் கோயமுத்தூரில் மேல்படிப்பு படிக்கலாம், காலேஜில் பேசியாகிவிட்டது. தேறாவிட்டால் என்ன என்பதை மயிலாத்தாள் சோறு போடும்போதே சொல்லிவிட்டாள்: “இந்தத் தடவையும் போச்சுன்னா நூல்மில்லு வேன் வாசல்ல வந்து நிக்கும். டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு ஏறிக்க.” அவள் வாயால் சொன்னால் நடந்த மாதிரிதான். மில் சூப்பர்வைசரிடமும் பேசி வைத்துவிட்டாள்.

மௌனிகா அழுதாள். “அந்தத் தாளை நடத்தின மேடம் பாதியிலயே வேலையை விட்டுப் போயிட்டாங்கம்மா. புஸ்தகத்தைத் தனியாப் படிச்சா ஒண்ணும் ஏற மாட்டேங்குது. ஒரு நல்ல டியூஷன் வாத்தியார் கிடைச்சா எழுதிப்போடுவேன்.”

அழுகைச் சத்தம் கேட்டு மூன்று மாமன்களும் வந்து நின்றார்கள்.

“தாய்மாமன் மூணு பேரு கல்லாட்ட இருக்கறப்ப புள்ளை எதுக்கு அழுகுது?” என்றார் சென்னியப்பன். “வாத்தியாரைப் புடிச்சுட்டு வாறது எங்க பொறுப்பு.”

“வேண்டாமுங் மாமா, நானே தேடிக்கறேனுங்.”

“நீ சின்னப்புள்ள கண்ணு, ஏமாந்துருவே. சந்தைக்குப் போயிப் பழகின கண்ணு வேணும்.”

நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம். “அது சரி அம்மிணி, இந்தச் சைக்காலஜிங்கறது என்ன?”

“மனுசங்க மனசைப் பத்திப் படிக்கிறதுங் மாமா.”

“யாரு மனசை?”

“எல்லாரு மனசையுந்தானுங்.”

நாச்சிமுத்து சென்னியப்பனைப் பார்த்தார். “ஏனுங்கண்ணா, நம்ம தெருவுல மட்டுமே அத்தனை சனம். ஒரு தாள்ல எப்படி எழுதறது? அதான் புள்ளைக்கு எடம் பத்தலை. தாள் கொஞ்சம் பெருசாக் குடுத்திருந்தா இந்நேரம் பாஸு.”

சென்னியப்பன் உச்சுக் கொட்டினார். பிள்ளைமேல் தப்பில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

வாத்தியாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்க மூவரும் காலேஜுக்கே போனார்கள். அங்கே இருந்த பெரிய மேடம் நல்ல மனுஷி. உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: “அவசரப்பட்டு யாரையும் முடிவு பண்ணாதீங்க. இதுக்கு முன்னாடி அவங்ககிட்டப் படிச்சவங்களை விசாரிங்க. பொறுமையான ஆளான்னு பாருங்க. முதல்ல ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேளுங்க, திருப்தின்னா வச்சுக்கங்க. பாடம் நடக்கறப்ப யாரும் உள்ள போய்த் தொந்தரவு பண்ணாமப் பாத்துக்கங்க.”

இவ்வளவையும் ஒரே ஆள் சுமந்தால் வழியில் சிந்திவிடும் என்று அப்புக்குட்டி ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தான். பஸ் முழுக்க அவரவர் பங்கைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். “எங்க போகணும்?” என்று கண்டக்டர் கேட்டார். சென்னியப்பன் “விசாரிங்க” என்றார். நாச்சிமுத்து “பொறுமையான ஆளான்னு பாருங்க” என்றார். அப்புக்குட்டி “தொந்தரவு பண்ணாதீங்க” என்றான். கண்டக்டர் மூவரையும் புளியமரத்து ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டார். ஊர் அங்கிருந்து நல்ல தூரம். நடக்க நடக்க மனப்பாடம் ஆகட்டும் என்று விட்டிருக்கிறார், நல்ல மனுசன் என்று பேசிக்கொண்டே நடந்தார்கள்.

டவுனில் யாரைக் கேட்டாலும் திலகவதி டீச்சர் பெயரைத்தான் சொன்னார்கள். மறுநாள் மூவரும் அந்த டீச்சர் வீட்டுக்குப் போனார்கள்.

சென்னியப்பன் தன் பங்கை எடுத்தார். “ஏனுங் டீச்சர், போன வருசம் உங்ககிட்டப் படிச்சவங்க யாராச்சும் இருந்தா விசாரிக்கணுமுங்.”

“போன வருஷப் பிள்ளைங்க எல்லாரும் பாஸ் பண்ணிட்டுப் போயிட்டாங்களே.”

“ஒருத்தருகூட இந்த வருசம் வரலீங்களா?”

“ஒருத்தர்கூட வரலை” என்று டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார்.

மூவரும் கும்பிட்டுவிட்டுத் தெருமுனைக்கு வந்து நின்றுதான் பேச ஆரம்பித்தார்கள்.

“கேட்டியாடா?” என்றார் சென்னியப்பன். “ஒருக்கா வந்தவன் மறுக்கா வரலை. ஒரு தரகன்கிட்ட மாடு வாங்கினவன் அடுத்த வருசம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கலைன்னா என்ன அர்த்தம்?”

“மாட்டுல ஏதோ இருக்குதுன்னு அர்த்தம்” என்றார் நாச்சிமுத்து.

“மொகத்தைப் பாத்தா நல்லவங்களாட்டத்தான் இருந்துது” என்றான் அப்புக்குட்டி. “புள்ளைங்க எதுக்குப் பயந்து ஓடுச்சுங்களோ.”

அடுத்து ஒண்டியப்பன் சார். அவர் வீட்டு வாசலில் பெரிய மீசை வைத்த ஆள் ஒருவர் மடியில் குழந்தையும் கையில் சைக்காலஜி புத்தகமுமாக உட்கார்ந்திருந்தார்.

“நீங்க இங்க படிக்கறீங்களா?” என்று சென்னியப்பன் விசாரித்தார்.

“ஆமாங்க.”

“எவ்வளவு காலமா?”

“கல்யாணத்துக்கு முந்தியிருந்து வாறேனுங்க. வருசா வருசம் எழுதறேன், வருசா வருசம் போகுது. சாரு முகம் கோணாம மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு.”

சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பாத்தியாடா, இதல்லவா வாத்தியாரு. வாங்கினவன் விட்டுப் போகலை. குட்டியையும் கூட்டியாந்திருக்கறான்.”

ஆனால் பொறுமை பார்க்க வேண்டியது பாக்கி. அது நாச்சிமுத்துவின் பங்கு. காளையின் பொறுமையை எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஒண்டியப்பன் சார் வெளியே வந்து “என்னங்க வேணும்?” என்று கேட்டார். நாச்சிமுத்து நேராகப் பின்பக்கமாகப் போய், முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, விலாவில் விரலை விட்டு ஒரு குத்துக் குத்தினார். ஒண்டியப்பன் சார் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்தினார்.

பஸ்ஸில் மூச்சு வாங்கிக்கொண்டே நாச்சிமுத்து சொன்னார்: “முட்டுதுங்கண்ணா. கெட்ட முட்டு.”

“நல்லவேளை முன்னாடியே பாத்தம்” என்றார் சென்னியப்பன். “புள்ளையைக் கொண்டு போயிக் கட்டியிருந்தா என்னாயிருக்கும்?”

பரீட்சை நெருங்கிக்கொண்டே வந்தது. மௌனிகா தினமும் வாசலில் நின்று “ஆச்சுங்களா மாமா?” என்று கேட்பாள். “பாத்துட்டிருக்கறோம் கண்ணு, கிடைக்கறதெல்லாம் குத்தம் உள்ளதா இருக்குது” என்று பதில் வரும். மயிலாத்தாள் மில்லுக்கென்று புது டிபன் டப்பா வாங்கி அலமாரியில் வைத்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து மௌனிகாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் சைக்கிள் கடைக்கு மாடியில் ஓர் அறையில் குடியிருந்த சிற்றம்பலம் சாரிடம் வந்து சேர்ந்தார்கள். சின்ன வயசு, கெட்டிக் கண்ணாடி. சைக்காலஜியில் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, வாத்தியார் வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தவர். வருஷக்கணக்காக மனுஷ மனசைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

இவரிடம் இதற்கு முன் யாருமே படித்ததில்லை. “விசாரிக்க ஆளே இல்லை, அதனால குத்தம் சொன்னவனும் இல்லை” என்று சென்னியப்பன் தேற்றிவிட்டார்.

நாச்சிமுத்து போய் முதுகில் தட்டினார். சிற்றம்பலம் சார் திரும்பிப் பார்த்தார். கோபம் வரவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் உற்றுப் பார்த்தார்.

“கொஞ்சம் நடந்து காட்டுங்க சார்.”

நடந்து காட்டினார்.

“திரும்பி வாங்க.”

திரும்பி வந்தார்.

“வாயைத் திறங்க.”

திறந்தார். நாச்சிமுத்து உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணிவிட்டு, “எல்லாம் சேந்திருக்குது, வயசு சரியா இருக்குது” என்றார். அப்புக்குட்டி தலைமுடியைக் கிளறி உச்சியில் சுழி பார்த்தான்.

“ரெட்டைச் சுழிங்கண்ணா. ரெண்டு கல்யாணம்.”

“எனக்கு இன்னும் ஒண்ணே ஆகலீங்களே” என்றார் சிற்றம்பலம் சார்.

“அப்ப ரெண்டும் பாக்கி இருக்குது” என்று அப்புக்குட்டி ஆறுதல் சொன்னான்.

வேறு ஆளாக இருந்தால் மாடியிலிருந்து குதித்திருப்பார். இவரோ, இப்படி மூன்று பேர் ஒரே இடத்தில் கிடைப்பார்களா என்று மெய்மறந்து நின்றார். “உங்க வீட்டுக்கே வந்து சொல்லித் தர்றேன். நீங்க மூணு பேரும் அங்க இருப்பீங்கதானே?” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

“நாங்க எங்க போறோமுங்” என்றார் சென்னியப்பன்.

முதல் வகுப்பு மயிலாத்தாள் வீட்டு முன்னறையில் நடந்தது. மூன்று மாமன்களும் பாயில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மௌனிகா புத்தகத்தோடு வந்தாள். அப்புக்குட்டி எழுந்து மறித்தான்.

“நீ வெளியில இரு அம்மிணி. இது பாத்து முடிவு பண்ற வகுப்பு. வெலை முடியாத மாட்டுல பால் கறக்கறது நம்ம தொழிலுக்கு ஆகாது.”

“படிக்கப் போறது நாந்தானுங் மாமா.”

“கறந்தப்புறம் வேண்டாமுன்னு எப்படிச் சொல்றது? மானம் போயிரும்.”

அவள் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். சிற்றம்பலம் சார் பாடத்தை ஆரம்பித்தார். ஒரு நாய்க்குத் தினமும் மணியடித்துவிட்டுச் சோறு வைத்தார்கள். கொஞ்ச காலம் போனபின் மணியடித்தாலே, சோறு இல்லாமலே, அதற்கு எச்சில் ஊறியது. இதுதான் பாடம்.

“சோறு வைக்கலீங்களா?” என்றார் சென்னியப்பன்.

“வைக்கலை. மணி மட்டும்தான்.”

“எச்சில் ஊறினதைப் பாத்துட்டு வெச்சிருப்பாங்கல்ல?”

“இல்லீங்க. பாத்துக் குறிச்சுக்கிட்டாங்க.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாச்சிமுத்து எழுந்துபோய் வீட்டு நாய்க்கு ஒரு தட்டுச் சோறு போட்டுவிட்டு வந்தார். வகுப்பு அதோடு நின்றது. நாய்க்கு என்ன நியாயம் என்று தெரியாமல் வாத்தியாரை எப்படி முடிவு செய்வது? மறுநாளும் ஒரு வகுப்புப் பார்த்தார்கள். அதற்கு மறுநாளும். “எலியைச் சுத்துவழிக் கூண்டுக்குள்ள விட்டாங்க” என்று சார் ஆரம்பித்தபோது, “அதுக்காச்சும் ஏதாச்சும் போட்டாங்களா?” என்று கேட்டார்கள். வழி கண்டுபிடித்த எலிக்குத் தீனி வைத்தார்கள் என்று கேட்டபிறகுதான் சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “வாத்தியாரு நல்லவருதான். இவரையே வெச்சுக்கலாம்.”

மௌனிகா ஓடி வந்து பாயில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். அந்நேரம் பார்த்து, மூன்று நாளாகப் பேசித் தொண்டை காய்ந்துபோன சார், தண்ணீர் குடிக்கக் குழாயடிப் பக்கம் போனார். திரும்பி வந்தால் வாசலில் அப்புக்குட்டி கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறான்.

“உள்ள போகக் கூடாதுங் சார். பாடம் நடக்குது.”

“நான் வெளியில நிக்கறேனே, எப்படி நடக்கும்?”

“புள்ளை புஸ்தகத்தைத் திறந்துட்டா பாடம் நடக்குதுன்னுதானே அர்த்தம்? நடக்கறப்ப யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்கறாங்க.”

“அது மத்தவங்களைங்க. நான் வாத்தியார்.”

“வாத்தியாரைத் தவிரன்னு அவங்க சொல்லலீங்களே. பெரிய படிப்புப் படிச்சவங்க, மறந்திருப்பாங்களா?”

உள்ளேயிருந்து மௌனிகா கெஞ்சினாள். “விடுங்க மாமா, சாரு வந்தாத்தானே பாடம்.”

“பாரு, நீ இப்பவே அவரால படிப்பை விட்டுட்டுப் பேசறே” என்றான் அப்புக்குட்டி.

சிற்றம்பலம் சார் யோசித்தார். பிறகு வாசலோர மாட்டுத் தொட்டியின் விளிம்பில், ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தார். மாமன்கள் மூவரும் துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“மௌனிகா, அந்த நாயும் மணியும் பாடம் புரிஞ்சுதா?” என்று கேட்டார்.

“இல்லீங் சார்” என்றது ஜன்னல்.

அந்நேரம் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. நாச்சிமுத்து எழுந்தார், வேட்டியை உதறி இறுக்கிக் கட்டினார், மறுபடி உட்கார்ந்தார். எங்கேயும் போக வேண்டியதில்லை. ஹாரன் கேட்டால் அவர் அப்படித்தான். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து கட்டிக்கொண்டு படுப்பார்.

சார் நாச்சிமுத்துவைச் சும்மா கை காட்டினார். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அப்புறம், “ஐயோ சார், புரிஞ்சுபோச்சுங்” என்று ஒரு சிரிப்பு வந்தது. அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதற்குப்பின் பாடம் அந்த வழியிலேயே ஓடியது. மறதி பற்றிய பாடம் நடக்கும்போது, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று புழக்கடைப் பக்கம் போன சென்னியப்பன் விளக்குமாறோடு வந்து, அதைச் சாரிடம் நீட்டி “குடிங்க” என்றார். கவனம் பற்றிய பாடத்தன்று, படிப்புக்குத் தொந்தரவு என்று அப்புக்குட்டி காக்காயை விரட்டிக்கொண்டிருந்தான். அவன் காலுக்கு நடுவே புகுந்து போன வெள்ளாடு அந்தப் பாடத்தையே தின்றுவிட்டது. மௌனிகா கவலைப்படவில்லை. “அந்தப் பாடம் இனி எனக்கு வேண்டாமுங் சார், மாமனைப் பாத்தே எழுதிருவேன்” என்றாள்.

பரீட்சையும் வந்தது. உள்ளே மௌனிகா எழுதினாள். வெளியே மூன்று மாமன்களும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே போக வந்த பரீட்சை அதிகாரி ஒருவரை, பிள்ளையைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று மரத்தடியில் உட்கார வைத்தார்கள். வாட்ச்மேன் வந்துதான் அவரை மீட்டுக்கொண்டு போனார்.

ரிசல்ட் வரும் காலையில் மயிலாத்தாள் சொன்னபடியே மில் வேன் வாசலில் வந்து நின்றது. மௌனிகா போனில் ரிசல்ட் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். வேன் ஹாரன் அடித்தது. நாச்சிமுத்து எழுந்து வேட்டியைக் கட்டினார். வண்டி வேறு கண்ணெதிரே நிற்கிறதே என்று ஏறியும் உட்கார்ந்துவிட்டார். வேன் கிளம்பிப் போய்விட்டது. அதே நேரத்தில் ரிசல்ட்டும் வந்தது. பாஸ். அதுவும் காலேஜிலேயே அந்தத் தாளில் அவளுக்குத்தான் அதிக மார்க்கு.

மயிலாத்தாள் அந்தப் புது டிபன் டப்பாவை எடுத்து, அதில் அதிரசம் வைத்து மகளிடம் கொடுத்தாள். “கோயமுத்தூர் போறப்ப கொண்டு போ” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நாச்சிமுத்துவை மில்லிலிருந்து மீட்டு வந்தபிறகு, மூவரும் மௌனிகாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“அப்படி என்ன கண்ணு எழுதினே?” என்றார் சென்னியப்பன்.

“எல்லாத்துக்கும் உதாரணம் கேட்டிருந்தாங்க மாமா. உங்க மூணு பேரையும் அப்படியே எழுதிட்டேனுங்.”

“எங்களையா? முழுசாவா?”

“முழுசா. ஒண்ணு விடலீங்.”

அப்புக்குட்டி நெற்றியைச் சுருக்கினான். “அந்தப் பேப்பரு இப்ப எங்க இருக்குது அம்மிணி?”

“யூனிவர்சிட்டியிலதானுங். கட்டி ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருப்பாங்க.”

மூவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

“அதான்டா” என்றார் நாச்சிமுத்து மெதுவாக. “பரீட்சை முடிஞ்சதுல இருந்து எனக்கு ஒரு மாதிரி மூச்சு முட்டிட்டே இருந்துது. காத்தோட்டம் இல்லாத ரூமாட்ட இருக்குது.”

“சோறு தண்ணி ஏதாச்சும் குடுத்தாங்களோ என்னமோ” என்றார் சென்னியப்பன். “பசிக்கற நாய்க்கே மணியடிச்சு வேடிக்கை பாத்த கூட்டம்.”

“நாமதான் இங்க நேரா நேரத்துக்குச் சாப்பிட்டமேங்கண்ணா?”

“இங்க சாப்பிட்டது இங்க இருக்கறவனுக்கு. அங்க இருக்கறவனுக்கு யாரு போட்டா?”

மௌனிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். “மாமா, அது வெறும் எழுத்துங் மாமா.”

“உனக்கு எழுத்து கண்ணு, நீ படிச்ச புள்ளை” என்றான் அப்புக்குட்டி. “உள்ள கெடக்கறது நாங்க.”

மறுநாள் மௌனிகா கோயமுத்தூர் பஸ் ஏறினாள். அவளை ஏற்றிவிட்டுக் கையசைத்துவிட்டு, அப்புக்குட்டி அடுத்த பஸ்ஸில் யூனிவர்சிட்டிக்குப் போனான். கையில் வாழை இலையில் கட்டின தயிர்ச்சோற்றுப் பொட்டலம் மூன்று. மூன்றாவது பொட்டலத்தில் ஊறுகாய் கூடுதல், அது அவனுக்கு.

வாட்ச்மேன் “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டார்.

“எங்களைத்தானுங்” என்றான். விடைத்தாளில் இருக்கிறோம் என்றும் சொன்னான். வாட்ச்மேனுக்குச் சாப்பாட்டு வேளை. விளக்கம் கேட்காமல் மாடியைக் காட்டிவிட்டார்.

கோடியில் அந்த அறை, பெரிய பூட்டுத் தொங்கியது. அப்புக்குட்டி மெதுவாகக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. “அண்ணா” என்று கூப்பிட்டான். “டேய் அப்புக்குட்டி” என்று தன்னையும் ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தான். அப்புறம் கதவில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

“தூங்கறோமாட்ட இருக்குது” என்றான்.

எழுப்ப மனசு வரவில்லை. மூன்று பொட்டலத்தையும் கதவோரம் வரிசையாக வைத்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து படியிறங்கிப் போனான்.